கூபே காரின் அழகை எடைபோடுவது எப்படி?

புது கூபே (கூரை பின்னோக்கிச் சரியும், பெரும்பாலும் இரண்டு கதவு கொண்ட கார்) வந்ததுமே "மூக்கு பெருசு, பின்பக்கம் சப்பை" என்று போட்டோவைப் பார்த்தே தீர்ப்பு வந்துவிடுகிறது. செல்போனில் கிட்ட நின்று எடுத்தால் எந்தக் காரின் கிரில்லும் (முகப்பில் காற்று புகும் வலை) வீங்கித்தான் தெரியும். 8 மீட்டராவது தள்ளி நின்று, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுங்கள். தண்டையார்பேட்டைச் சந்துகளில் அந்த இடம் கிடைக்காது. திறந்த மைதானம் தேடுங்கள்.

முதலில் பக்கவாட்டுத் தோற்றம். முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். 2021-இல் வந்த பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கூபேயில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 2,741 மி.மீ. அதனால் பானெட் நீண்டு, கேபின் பின்னால் தள்ளி நிற்கும். அதே 2 சீரிஸ் பெயரில் அதற்கு முன்பே வந்த நான்கு கதவு கிரான் கூபேயில் இன்ஜின் குறுக்குவாக்கில்; வீல்பேஸ் 2,670. பெயர் ஒன்றானாலும் உடல்வாகு வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

காரின் உடல் தகட்டில் ஓடும் மடிப்புக் கோடுகளைப் பார்க்கக் காலை 6.30 மணி வெயில் நல்லது. காரைக் கிழக்கு நோக்கி நிறுத்தினால் ஒளி இரு பக்கமும் உரசிப் போகும். கோடு எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்று தெளிவாகத் தெரியும். மணலித் தூசி படிந்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெறும் துணியால் துடைத்தால் பெயின்டில் கீறல் விழும்.

பெரிய வீல் கம்பீரம்தான். ஆனால் 225/40 ஆர்18 டயரின் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்) பக்கச்சுவர் 90 மி.மீ. மட்டுமே, கன்டெய்னர் லாரிகள் பெயர்த்த எண்ணூர் சாலைக் குழியில் ரிம் வளையும். 205/55 ஆர்16 என்றால் 113 மி.மீ.