அறுந்த மூச்சுக்குழாயை இணைக்கும் கருவி: பட்டறையில் நடக்கும் தவறுகள்

மாஞ்சா நூலோ பைக் சக்கரத்தில் சிக்கும் துப்பட்டாவோ போதும், கழுத்தில் மூச்சுக்குழாய் அறுந்துபோக. முழுதாக அறுந்தால் கீழ்முனை நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அதை எடுத்து மேல்முனையோடு சேர்த்து, தைத்து முடிக்கும்வரை பிடித்திருக்க ஒரு கருவி செய்யலாம் என்று இறங்கும் வேலூர், காட்பாடி பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்காக இது.

முதல் வரைபடத்தில் வருவது பெரும்பாலும் பிளம்பர் கிளாம்ப்தான்: குழாயைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் இரண்டு தாடைகள். தவறு இங்கேயே ஆரம்பம். பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 11 செ.மீ. நீளம், அதில் 18 முதல் 22 குருத்தெலும்பு வளையங்கள். ஆனால் அவை முழு வளையங்களே அல்ல, ஆங்கில ‘சி’ போல முதுகுப் பக்கம் திறந்தவை. பின்சுவர் வெறும் மென்சதை. அது உணவுக்குழாயோடு ஒட்டியிருக்கும். ரத்தமோ இரு பக்கங்களிலிருந்தும் சின்னச் சின்னக் கிளைகளாகத்தான் வருகிறது. தாடையை உள்ளே நுழைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள சதையை உரித்தாக வேண்டும். வெட்டு விளிம்பிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் சுற்றிலும் உரித்தால் விளிம்புக்கு ரத்தம் போகாது. அப்புறம் தையல் பிரியும், அல்லது வடு சுருங்கி மூச்சுப்பாதை குறுகும். குரலை இயக்கும் நரம்புகளும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், தாடை நுழையும் அதே இடத்தில் ஓடுகின்றன.

எனவே கருவி முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மட்டும் பிடிக்கட்டும். வெட்டு விளிம்பை விட்டு, ஒரு வளையம் தள்ளி, வளையத்தைச் சுற்றி மாட்டும் மழுங்கிய கொக்கி போதும். டாக்டர்கள் இதே வேலையை இன்றைக்கும் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு 2-0 (நூலின் தடிமன் எண்) இழுவைத் தையலில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் கருவிக்குப் போட்டி அந்த இரண்டு நூல்கள்தான். அதைவிட நேரம் பிடித்தால் மேசையிலேயே கிடக்கும்.

சோதனைக்கு ஆட்டு மூச்சுக்குழாய் நல்லது. கறிக்கடையில் சொல்லிவைத்தால் வெட்டாமல் முழுசாகத் தருவார்கள். ஆனால் மே மாத வேலூர் வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து விறைத்துவிடும். அதில் கிடைக்கும் அளவு எதற்கும் உதவாது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீரில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் எடுத்து வாருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதையும். இன்னொன்று: ஆட்டின் கழுத்து நீளம், வளையங்களும் மனிதனைவிட அதிகம், அதனால் தாராளமாக நீளும். சும்மா மேசையில் போட்டு இழுத்துவிட்டு ‘சுலபமாக இணைகிறது’ என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. இரு முனைகளையும் கட்டி, நடுவில் 3 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுங்கள். இணைப்பில் இழுவிசை ஒரு கிலோவுக்குள் அடங்க வேண்டும். இறந்த திசுவில் கருவி பதிந்த தடமும் வளைய விரிசலும் தெரியும். ரத்த ஓட்டம் நின்றதா என்பது தெரியவே தெரியாது.

மூச்சை மறப்பது அடுத்த தவறு. தைக்கும் நேரம் முழுக்க, மயக்க மருந்து டாக்டரின் குழாய் ஒன்று திறந்த கீழ்முனை வழியே நுரையீரலுக்குக் காற்று கொடுக்கும். தையல் போடும்போது வெளியே எடுத்து, மறுபடி செருகுவார்கள். சில நொடிகளில் அது நடக்க வேண்டும். குழாயில் அச்சடித்திருக்கும் எண் உள்விட்டம். 6 என்று போட்ட குழாயின் வெளிவிட்டம் 8 மி.மீ.யைத் தாண்டும், அதில் ஊதும் பலூன் வேறு. எண்ணைப் பார்த்து கருவியில் இடைவெளி வரைந்தால் குழாய் மாட்டிக்கொள்ளும்.

பட்டறை வேலைக்கு வருவோம். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாதிரி கையில் பிடித்துப் பார்க்க மட்டுமே. 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், கருவியை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவோ 121 அல்லது 134 டிகிரி. ஸ்டெயின்லெஸ் என்று நம்பி, சாதா இரும்பு தேய்த்த அதே சாணைக்கல்லில் தேய்த்தால் இரும்புத்துகள் பதிந்து, இரண்டாம் ஸ்டெரிலைசேஷனிலேயே துருப்புள்ளி வரும். தனிக் கல், தனி பிரஷ், கடைசியில் சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன், அதாவது ஒட்டிய இரும்பைக் கரைத்துத் துருவைத் தடுக்கும் குளியல். கடைசிக் கழுவலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். கீல் கழன்று வராத கருவியில் ரத்தம் உள்ளேயே தங்கும்.

உடம்பில் ஒரு கிளிப்பையோ வளையத்தையோ விட்டுவிட்டு வரும் வடிவமைப்பு வேறு விவகாரம். மருத்துவ சாதன விதிகள் 2017-இன்படி ஆபத்து வகுப்பே மாறிவிடும். முதல் முயற்சிக்கு அதைத் தொடாதீர்கள்.

கடைசியில் கசிவுச் சோதனை. கரையும் 4-0 நூலில், முடிச்சு வெளிப்பக்கம் வரும்படி தைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, 30 செ.மீ. நீரழுத்தம் வரை காற்று ஏற்றுங்கள். குமிழி முன்பக்கத்தில் வருவது குறைவு. குருத்தெலும்பு முடிந்து மென்சதை தொடங்கும் அந்த இரு மூலைகளைப் பாருங்கள். அங்கே குமிழி வந்தால், தைத்தவரின் கையைக் குறை சொல்லும் முன், உங்கள் கொக்கியின் கைப்பிடி அந்த மூலையை மறைத்ததா என்று பாருங்கள்.