அம்மோனியம் போட்டதும் நைட்ரேட் நிற்கிறதா? செய்து பார்க்கும் முறை

நைட்ரேட்டும் அம்மோனியமும் சேர்ந்து கிடைத்தால் சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) அம்மோனியத்தையே முதலில் எடுக்கும். ஒரு நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்ற 8 எலக்ட்ரான் செலவாகும். அம்மோனியத்தை எடுத்தால் அது மிச்சம். இதைக் கரும்பலகையில் எழுதுவதைவிட ஒரு மதியத்தில் செய்து காட்டிவிடலாம் என்பது என் கட்சி.

நான் சினெகோகாக்கஸ் பிசிசி 7942 என்ற சயனோபாக்டீரியாவைத்தான் எடுப்பேன். பலரும் வளர்க்கும் சினெகோசிஸ்டிஸ் 6803 குளூக்கோஸையும் தின்னும். 7942-க்கு ஒளிச்சேர்க்கையை விட்டால் வேறு பிழைப்பில்லை. கார்பன் எங்கிருந்து வருகிறது என்ற குழப்பமும் இல்லை.

வழக்கமான பிஜி-11 ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் இருக்கும், அதாவது ஏறக்குறைய 17.6 மில்லிமோலார். அதில் வளர்ந்த செல்களை நைட்ரேட் இல்லாத ஊடகத்தில் இருமுறை கழுவுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: சோடியம் நைட்ரேட்டை நீக்கினால் மட்டும் போதாது. இரும்புக்காகப் போடும் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டிலும், நுண்சத்துக் கலவையின் கோபால்ட் நைட்ரேட்டிலும் நைட்ரஜன் ஒளிந்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் ஃபெர்ரிக் சிட்ரேட், கோபால்ட் குளோரைடு.

கழுவிய செல்களை மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் குளோரோபில் வரும்படி கரையுங்கள். பைகார்பனேட் சேருங்கள். ஹெப்பஸ் பஃபரால் பிஎச் 7.5-ல் நிறுத்துங்கள், பிஎச் 9-ஐத் தாண்டினால் அம்மோனியம் அம்மோனியாவாக மாறி, தானாகவே செல்லுக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையின் ஒரு முக்கியப் பகுதியான ஒளியமைப்பு இரண்டைக் கெடுக்கும். பிறகு வருவது கட்டுப்பாடா, காயமா என்று யாருக்கும் தெரியாது.

விளக்கடியில் வைத்து 200 மைக்ரோமோலார் நைட்ரேட் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, வடிநீரில் மிஞ்சிய நைட்ரேட்டை அளந்து, நேரத்துக்கு எதிராகக் கோடாக வரையுங்கள். 220 நானோமீட்டரில் அளக்கும் குறுக்குவழி இங்கே வேண்டாம், ஹெப்பஸும் அங்கே ஒளியை உறிஞ்சும். வனேடியம் குளோரைடு கொண்டு நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டுக்கு நிறம் தரும் கிரீஸ் வினையின் இளஞ்சிவப்பை 540 நானோமீட்டரில் படியுங்கள்.

கோடு சீராக இறங்கத் தொடங்கியதும் 50 மைக்ரோமோலார் அம்மோனியம் குளோரைடு. சில நிமிடங்களில் கோடு படுத்துவிடும். மரபணுவை அணைத்து, புரதம் குறைய இவ்வளவு சீக்கிரம் முடியாது. நைட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் புரதமான கடத்தியையே, இருக்கிற இடத்தில் செல் பூட்டுகிறது. அம்மோனியம் தீர்ந்ததும் கோடு மறுபடி இறங்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்த குடுவைதான். அம்மோனியத்துக்கு முன்பே மெத்தியோனைன் சல்ஃபாக்ஸிமினைப் போட்டு, அம்மோனியத்தைக் குளூட்டமைனில் சேர்க்கும் என்சைமான குளூட்டமைன் சிந்தடேஸை முடக்கிவிடுங்கள் (கையுறை கட்டாயம், நரம்பைப் பாதிக்கும் பொருள்). இப்போது அம்மோனியம் இருந்தும் நைட்ரேட் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆக, செல் அம்மோனியத்தைப் பார்ப்பதில்லை. குளூட்டமைன் சிந்தடேஸ் வழியே நைட்ரஜன் சேரும்போது செலவாகிக் குறையும் 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற கார்பன் சேர்மத்தைத்தான் பார்க்கிறது. அது குறைந்தால் பி-டூ என்ற கட்டுப்பாட்டுப் புரதம் நைட்ரேட் கடத்தியை அடைக்கிறது. பி-டூ இல்லாத திரிபு கிடைத்தால் மூன்றாவது குடுவையில் வையுங்கள். அம்மோனியம் போட்டாலும் அதன் கோடு படுக்காது.

விளக்கை அணைத்தும் ஒரு குடுவை ஓட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடை நிலைப்படுத்துவது நின்றால் நைட்ரேட் எடுப்பதும் நிற்கும். மணிக்கணக்கில் நடக்கும், என்டிசிஏ என்ற புரதம் நைட்ரஜன் மரபணுக்களை இயக்கும் கட்டுப்பாட்டை அறிய வேண்டுமானால், ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஆர்என்ஏ-வுக்கும் மாதிரி எடுத்து உடனே உறைய வைத்துவிடுங்கள்.