கார் குலுங்காமல் கியர் மாற்ற

அறுவடை நேரத்தில் திருவையாறு, கும்பகோணம் பக்கம் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதுதான் கார் அதிகம் குலுங்கும். மூன்றாவது கியரிலேயே 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் திணறத்தான் செய்யும். இரண்டாவதுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்படிக் குறைக்கும்போது, கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். இன்ஜின் வேகம் சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும், உதறாது. இது ஒன்று கைவந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன். கிளட்சை விடும்போது வண்டி மெல்ல இழுக்க ஆரம்பிக்கும் இடத்தில் பாதத்தை ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் முழுதாக விடுங்கள். மாற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும். கிளட்ச் மேலேயே வைத்திருந்தால் பிளேட் சீக்கிரம் தேயும்.

இவ்வளவு செய்தும் முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் உதறினால், கிளட்ச் பிளேட்டையும் இன்ஜின் மவுண்டையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.