ரொந்தாவைப் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ரொந்தா, தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பகுதி. முதல் சறுக்கல் பெயரிலேயே. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ரோண்டா’ என்று எழுதிவிடுகிறோம். வெல்ஷ் மொழியில் ‘டி’ இரட்டித்தால் அது ‘ட’ அல்ல; ‘அது’, ‘இது’ என்னும்போது நாக்கு நுனி பல்லை உரசி வருகிற ‘த’. இந்த ஒலி நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, விடுவானேன்? ரொந்தா என்றே எழுதுவோம். அதேபோல ஒற்றை ‘எஃப்’ அங்கே ‘வ’. ‘மவுர்’ என்றால் பெரியது, ‘பாக்’ என்றால் சின்னது. ஆற்றின் பெயருக்குப் பின்னால் வந்தால் முதலெழுத்து திரிந்து ரொந்தா வவுர், ரொந்தா வாக் என்றாகும். புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

பெரியது, சின்னது என்று இரண்டு இருக்கும்போதே அடுத்த தவறு புரிந்திருக்கும். ரொந்தா என்பது ஒரு பள்ளத்தாக்கு அல்ல, இரண்டு. இரண்டு ஆறுகளும் போர்த் என்ற ஊரில் கூடுகின்றன. அங்கிருந்து பொன்டிபிரீத் போய் டாஃப் ஆற்றில் கலந்து, வேல்ஸ் தலைநகர் கார்டிஃப் வழியாகக் கடலுக்கு. நடுவில் நிற்பது மலைமுகடு. வரைபடத்தில் பெரிய பள்ளத்தாக்கின் ட்ரெஹெர்பர்ட்டும் சின்னதின் மார்டியும் பக்கத்து ஊர்கள், நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நேர்ச் சாலை கிடையாது. கீழே இறங்கி, பென்ரீஸ் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி மேலே போக வேண்டும். கார்டிஃபிலிருந்து ரயிலும் ட்ரெஹெர்பர்ட் வரைதான். சின்னப் பள்ளத்தாக்கில் பயணிகள் ரயில் 1964-லேயே நின்றுவிட்டது.

இந்த மலைமுகட்டை மறந்தால் வரலாறும் இடம் மாறிவிடும். 1913-இல் 439 தொழிலாளர்களைப் பலிகொண்ட செங்ஹெனித் சுரங்க வெடிப்பு ரொந்தாவில் நடந்ததல்ல. கெர்ஃபிலிக்கு அருகே, ஆபெர் பள்ளத்தாக்கில் நடந்தது. 1966-இல் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த அபர்வான், மெர்தருக்குக் கீழே டாஃப் கரையில் இருக்கிறது. ரொந்தாவின் கடைசிச் சுரங்கம் என்று பலர் எழுதும் டவர், கனன் பள்ளத்தாக்கின் மேல்முனையைச் சேர்ந்தது. ரொந்தாவின் கடைசிச் சுரங்கம் மார்டி, 1990 டிசம்பரில் மூடப்பட்டது. 1996-இல் ரொந்தா கனன் டாஃப் என்று மூன்றையும் சேர்த்து ஒரே மாவட்டமாக்கியதிலிருந்து குழப்பம் இரட்டிப்பு. எழுதும் முன் ‘எந்த ஆற்றங்கரை?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

பழைய ஆவணங்களில் ‘ரொந்தா’ என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. கிடைக்காது. அப்போது அது இஸ்ட்ராடவோடுக் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி. உள்ளாட்சிக்கு ரொந்தா என்ற பெயர் வந்ததே 1897-இல். 1851-இல் அந்தப் பங்கில் ஆயிரம் பேர்கூட இல்லை, ஆடும் ஓடையும்தான். 1855-இல் ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து நீராவிக் கரி (நீராவி எஞ்சின்களுக்கான நிலக்கரி) கார்டிஃபுக்குப் போகத் தொடங்கியது. 1911-இல் ரொந்தாவின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பள்ளத்தாக்கில் அகலம் இல்லை. அதனால் வீடுகள் மலைச்சரிவோடு ஒட்டி, படிப்படியாகக் கூரை இறங்கும் வரிசைகளாகக் கட்டப்பட்டன.

அதிகம் பரவிய தவறு ரொந்தா வவுரில் உள்ள டோனபாண்டி ஊரைப் பற்றியது: 1910-இல் சர்ச்சில் ராணுவத்தை அனுப்பித் தொழிலாளர்களைச் சுட்டார் என்பது. அங்கே துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. தகராறு ஈலி என்ற சுரங்கக் குழியில், புதிய கரிப்படுகைக்கு டன்னுக்கு என்ன கூலி என்பதில் தொடங்கியது. வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறார்கள் என்று சொல்லி, முதலாளிகள் குழியையே பூட்டினார்கள். நவம்பர் 8 இரவு டோனபாண்டிக் கடைவீதியில் கண்ணாடிகள் நொறுங்கின. ரக்பி வீரர் வில்லி லூயெலினின் மருந்துக்கடையை மட்டும் தொடவில்லை. 1905-இல் நியூசிலாந்தை வென்ற வேல்ஸ் அணியில் ஆடியவர் என்பதால் என்று சொல்வார்கள். உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் முதலில் படையை வழியில் நிறுத்தி, லண்டன் போலீஸை அனுப்பினார். கலவரத்துக்குப் பிறகு படையும் வந்தது. சாமுவேல் ரைஸ் என்ற தொழிலாளி தலைக்காயத்தால் இறந்தார். ராணுவம் இருவரைச் சுட்டுக்கொன்றது அடுத்த ஆண்டு, லானெலி ரயில் வேலைநிறுத்தத்தில். இரண்டும் மக்கள் நினைவில் ஒன்றாகிவிட்டன. அதற்காகச் சர்ச்சிலுக்குப் பங்கே இல்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறுதான்: படை வந்தது, மாதக்கணக்கில் தங்கியது, பள்ளத்தாக்கு அதை மன்னிக்கவில்லை.

கடைசியாக, இன்றைய பச்சையைப் பார்த்துச் சுரங்கம் பழங்கதை என்று எழுதுவது. புல் மூடிய மேடுகளில் பல, கழிவுக்கரிதான். 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயல் மழையில், டைலர்ஸ்டவுனுக்கு எதிரே அப்படி ஒரு மேட்டிலிருந்து சுமார் 60,000 டன் சரிந்து ரொந்தா வாக் ஆற்றில் விழுந்தது.