சலப்பை ஓட்டையை மறுபடி தைத்தபின் குழாயைக் காப்பது எப்படி

திருகோணமலையில் பெண்கள் வாட்டில் தாதியாக இருக்கிறேன். சலப்பைக்கும் யோனிக்கும் இடையில் ஓட்டை விழுந்து சலம் ஒழுகினால் அதைத் தைத்து மூடுவார்கள். அந்தத் தையலுக்கு மூதூர், கிண்ணியாவிலிருந்து வரும் அக்காமாருக்கு நான் சொல்வது இதுதான்.

முதல் தையல் விட்டுப்போனால் உடனே அடுத்த ஒப்பரேசனுக்கு அவசரப்படாதீங்கோ. வீக்கமும் கிருமியும் அடங்க வழமையாக 3 மாதமளவு பொறுப்பார்கள். பிறகு நீலச்சாயம் விட்டு ஓட்டையைத் தேடி, தழும்பை வெட்டி, சலப்பையையும் யோனியையும் பிரித்துத் தனித்தனியே தைப்பார்கள். மறுமுறை என்றால் பலவேளை யோனி உதட்டுக் கொழுப்பை இடையில் வைப்பார்கள். அது புது இரத்தோட்டம் தரும்.

அதன்பின் எல்லாம் சலத்தை வெளியே எடுக்கச் சலப்பைக்குள் வைக்கும் குழாயில்தான். கிட்டத்தட்ட 2 கிழமை, சிலருக்கு 3 கிழமை இருக்கும். அடைபட்டால் சலப்பை நிரம்பி உப்பித் தையலை இழுக்கும். சலம் வெளிறும்வரை தண்ணி குடியுங்கோ. குழாயில் வரும் சலம் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். குழாய் மடியக்கூடாது, தொடையில் ஒட்டிவிடுங்கோ. படுக்கும்போது குழாய்மேல் புரளாமல் பார்க்கவேணும். பைக்குள் சலம் இறங்காமல் துணி நனைந்தால் மடிப்பைப் பாருங்கோ. மடிப்பு இல்லையென்றால் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. குழாயை நீங்களே இழுக்கவோ கழற்றவோ வேண்டாம்.

3 மாதம் தாம்பத்தியம் வேண்டாம். இதைக் கணவருக்கும் வாட்டிலேயே சொல்லிவிடுவோம், கேளுங்கோ. அடுத்த பிள்ளை பெரும்பாலும் சிசேரியன்தான். கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலேயே இந்த ஒப்பரேசனைச் சொல்லுங்கோ.