வாரண்ட் இல்லாமல் போலீஸ் சோதனைக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீஸ் வாசலில் வந்து நின்றால் பலரும் முதலில் கேட்பது "வாரண்ட் இருக்கா?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. "இல்லை" என்றதும் கதவைச் சாத்துவதுதான் தவறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-வது பிரிவைப் பாருங்கள். விசாரணைக்குத் தேவையான பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது, வேறு வழியில் போனால் வீண் தாமதமாகும் என்று நம்பக் காரணம் இருந்தால், விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலே தேடலாம். மல்லுக்கட்டினால், பணி செய்யவிடாமல் தடுத்ததாகத் தனி வழக்கு வரும்.

எதை, ஏன் தேடுகிறார் என்பதை அந்த அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சோதனை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 105-வது பிரிவு; செல்போனில் எடுத்தாலே போதும். பெண்ணின் உடலைச் சோதிப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

பயத்தில் பலர் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கூடவே இருந்து பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது மகஜர், அதாவது சோதனையில் எடுத்ததை எழுதிவைக்கும் ஆவணம்தான். எடுத்த பொருள்களின் பட்டியலை அங்கேயே எழுதி, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த குறைந்தது இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். அவசரத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "செல்போன் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால், மாடலையும் ஐஎம்இஐ எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். நகையென்றால் எடை, பணமென்றால் எத்தனை நோட்டு என்பது வரை இருக்கட்டும். பின்னால் பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போடும்போது கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்கில் இன்னொன்றும் உண்டு. உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் (அரசிதழில் பதிவு பெற்ற) அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை இருப்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. கையில் இருக்கும் பைக்கு இது பொருந்தாது.

அப்புறம், "சோதனையே முறைகேடு, கேஸ் நிற்காது" என்று நம்பி வக்கீலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். சோதனையில் சட்டமீறல் இருந்தது என்பதற்காக மட்டும் கிடைத்த சாட்சியத்தை ஒதுக்க வேண்டியதில்லை என்று பூரன்மல் என்பவரின் பழைய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலைப் பார்த்ததும், அதிகாரி எழுதிய காரணப் பதிவின் நகல் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டின் உரிமையாளருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் அது இலவசம்.