காப்பக வாசலில் வைத்துவிட்டு வரும் அட்டைப் பெட்டி

தெருவில் கிடந்த நாய்க்குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து, இரவோடு இரவாகக் காப்பக வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். இரக்கத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனாலும் இது குட்டிகளைச் சாவின் பக்கத்தில் கொண்டு வைப்பது.

காப்பகம் முதலில் ஒரு நோயாளிக் கூடம். அடிபட்ட நாயும் வரும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்கள் தொற்றிய நாயும் வரும். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் தடுப்பூசிக்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆக வேண்டும். அதுவரை குட்டிக்குக் காவல் தாய்ப்பால்தான். போதாததற்கு எங்கள் கன்னியாகுமரி இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஆனியிலும் ஐப்பசியிலும் விடிவதற்குள் பெட்டி நனைந்து கூழாகிவிடும்.

தாய் நாய் அருகில் இருந்தால் குட்டிகளைத் தூக்காதீர்கள். நாலு ஓலையைச் சாய்த்து மழை மறைவு கட்டுங்கள். தாய்க்குச் சோறும் மீனும் வையுங்கள். குட்டிகள் பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்ய நகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம்தான் கொடுத்திருக்கின்றன.

வளர்த்த நாயைக் கொண்டுபோய் விடுவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன், குற்றம் என்பேன். தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே.

"எங்கள் தெரு நாய்களை எல்லாம் பிடித்துப் போங்கள்" என்று கேட்பது இன்னொன்று. கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் பொதுவிதி. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விலக்காக உத்தரவிட்டது. காதில் வெட்டு, அதாவது கருத்தடையும் ஊசியும் முடிந்ததற்கான அடையாளம், உள்ள நாய் உங்கள் தெருவில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. அதை அப்புறப்படுத்தினால் ஊசி போடாத வேறொன்று அந்த இடத்துக்கு வரும்.

குளச்சல், முட்டம் கரைகளில் தூண்டில் முள்ளை விழுங்கிய நாயைக் கண்டால் வாயில் தொங்கும் தூண்டில் நரம்பை (நைலான் இழையை) பிடித்து இழுக்காதீர்கள். முள்ளின் கொக்கி தொண்டையைக் கிழித்துவிடும். நரம்பை ஒட்ட வெட்டவும் வேண்டாம். மருத்துவர் முள்ளைத் தேடிப் பிடிக்க அந்த நரம்பு உதவும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். தூக்கும்போது கடித்துவிட்டால், சிறிய கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால், முன்கூட்டியே போனில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது ஒரு சாக்கு அரிசியும் பழைய போர்வைகளும் எடுத்துச் செல்லுங்கள்.